குத்துச்சண்டை பழகத் தொடங்குகிறவர்களுக்கு: கைக்கட்டு முதல் ஸ்பாரிங் வரை

குத்துச்சண்டை பழக வருகிறவர்களில் பெரும்பாலோர் கூடத்துக்குள் நுழைந்ததும் நேராகத் தொங்கும் பையிடம் போகிறார்கள். மூச்சு முட்டும்வரை அதை அடித்துவிட்டு, வியர்வையும் திருப்தியுமாக வீடு திரும்புகிறார்கள். மறுநாள் மணிக்கட்டு வலிக்கிறது, தோள் கனக்கிறது, கற்றுக்கொண்டது எதுவும் இல்லை. பைக்குப் போவதற்கு முன் பழக வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் பழக வேண்டுமோ அதே வரிசையில் சொல்கிறேன்.

1. கைக்கட்டு

எல்லோரும் கையுறை வாங்குகிறார்கள். அதற்குள்ளே சுற்ற வேண்டிய துணிப்பட்டையை மறந்துவிடுகிறார்கள். கையில் உள்ள சிறு எலும்புகளையும் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிப்பது அந்தப் பட்டைதான். பெரியவர்கள் நாலரை மீட்டர் நீளமுள்ளதை வாங்குவது நல்லது. நீளம் குறைந்தால் மணிக்கட்டைச் சுற்றுவதற்குள்ளேயே பட்டை தீர்ந்துவிடும்.

நுனியில் உள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, விரல்களை அகல விரித்துக்கொள்ளுங்கள். பட்டையைப் புறங்கை மேலாக இழுத்து மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். பிறகு மேலேறி, விரல் முட்டிகளின் மீது மூன்று சுற்று. அங்கிருந்து மணிக்கட்டுக்கு இறங்கி, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே நுழைத்து, மறுபடி மணிக்கட்டுக்கு வாருங்கள். மற்ற இரண்டு விரல் இடைவெளிகளுக்கும் இதே போல. கட்டைவிரலை ஒருமுறை சுற்றி, மீதியை விரல் முட்டிகளின் மீதே செலவழித்து, மணிக்கட்டில் ஒட்டி முடியுங்கள். சுற்றும்போது விரல்களை மடக்கியே வைத்திருந்தால், விரித்ததும் கட்டு தளர்ந்துவிடும்.

கை விரிந்திருக்கும்போது இதமாகவும், முஷ்டி பிடித்ததும் இறுக்கமாகவும் இருந்தால் கட்டு சரி. விரல் நுனி மரத்துப்போனால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். பயிற்சி முடிந்ததும் பட்டையைத் துவைத்துக் காயவையுங்கள். ஈரத்தோடு பைக்குள் சுருட்டி வைக்கிறவரின் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்.

கையுறையின் அளவு அவுன்ஸில் சொல்லப்படும். பையில் பழக 12 அல்லது 14, ஸ்பாரிங்குக்கு (எதிராளி ஒருவரோடு மோதிப் பழகுவதற்கு) 16 அவுன்ஸ் என்பது பொதுவான வழக்கம். போட்டிகளில் இதைவிடச் சிறியவை வரும்; அது இப்போது உங்கள் கவலை இல்லை.

2. முஷ்டி

நான்கு விரல்களையும் மடக்கி, கட்டைவிரலை வெளியே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்காக வையுங்கள். கட்டைவிரலை உள்ளே பொத்திக் குத்தினால் அது முறியும். குத்து விழ வேண்டியது ஆள்காட்டி, நடு விரல்களின் முட்டிகளில். மணிக்கட்டு முன்னங்கையோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

3. நிற்கும் முறை

வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்காலை முன்வைத்து நிற்பது ஆர்த்தடாக்ஸ் நிலை. இடக்கைப் பழக்கம் உள்ளவர் வலக்காலை முன்வைப்பது சவுத்பா நிலை. பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ் சவுத்பா. இனி நான் சொல்வது எல்லாம் ஆர்த்தடாக்ஸுக்கு. சவுத்பாக்காரர்கள் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, வலக்காலை ஓர் அடி பின்னால் எடுங்கள். தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு கால்களும் அதன் இரு பக்கங்களில் இருக்க வேண்டும். ஒரே கோட்டின் மீது நின்றால் லேசாகத் தள்ளினாலும் சாய்வீர்கள். முழங்கால்கள் சற்றே மடங்கட்டும். பின்காலின் குதிகால் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி இருக்கட்டும். இரண்டு கைகளும் கன்னத்தருகே, முழங்கைகள் விலாவை ஒட்டி, மோவாய் தாழ்ந்து. இந்தக் கை நிலைதான் கார்டு.

இப்போது நண்பர் ஒருவரைத் தோளில் தள்ளச் சொல்லுங்கள். ஓரடி தடுமாறினால் பரவாயில்லை; கால்கள் பின்னிக்கொண்டால் நிலை தவறு.

4. கால் நகர்த்தல்

விதி ஒன்றே ஒன்று: எந்தத் திசையில் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் நகரும், மற்றது அதே அளவு பின்தொடரும். முன்னேற இடக்கால், பின்வாங்க வலக்கால். இடப்பக்கம் போக இடக்கால், வலப்பக்கம் போக வலக்கால். கால்கள் ஒன்றையொன்று கடக்கவும் கூடாது, ஒட்டவும் கூடாது. சலிப்பூட்டும் பயிற்சிதான். ஆனாலும் முதல் வாரத்தின் பாதியை இதற்கே கொடுங்கள்.

5. ஜாப்

முன்கையால், அதாவது முன்னால் நிற்கும் இடக்கையால், நேராகப் போடும் குத்து. இதை லேசான குத்து என்று நினைத்து அலட்சியப்படுத்துகிறவர்கள் பல பேர். தூரத்தை அளப்பது, எதிராளியின் வேகத்தைக் குலைப்பது, பின்னால் வரும் பெரிய குத்துக்கு வழி திறப்பது எல்லாம் இதன் வேலை. லாரி ஹோம்ஸ் ஏழு ஆண்டுகள் ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்ததற்குப் பெரும் காரணம் அவருடைய ஜாப்.

இடக்கை கன்னத்திலிருந்து நேராகக் கிளம்பட்டும். கூடவே முன்கால் சிறிதளவு முன்னே போகும். கை நீளும் கடைசிக் கணத்தில் முஷ்டியைத் திருப்புங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும். இடத்தோள் உயர்ந்து மோவாயை மறைக்கட்டும். மூக்கு வழியே 'ஹ்ம்' என்று மூச்சை விடுங்கள். வலக்கை கன்னத்தை விட்டு அசையக் கூடாது.

பிறகு, போன வழியிலேயே கையைத் திருப்பி எடுங்கள். பழகுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். குத்து பட்டதா என்று பார்ப்பதில் மனம் போய்விடுகிறது. கை சோர்ந்து இடுப்பு வழியாக வட்டமடித்துத் திரும்புகிறது. அந்த அரை விநாடியில் முகம் திறந்து கிடக்கிறது. ஜாப்பைப் போடும் வேகத்தைவிட இழுக்கும் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் கத்துவது இதனால்தான்.

முழங்கை பக்கவாட்டில் விரிகிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இடப்பக்கம் ஒரு சாண் தூரத்தில் சுவர் இருக்கும்படி நின்று மெதுவாக ஜாப் போடுங்கள். முழங்கை சுவரில் இடித்தால், எதிராளிக்கும் உங்கள் குத்து முன்கூட்டியே தெரிந்துவிடும்.

6. மற்ற மூன்று குத்துகள்

கிராஸ்: பின்கையால் போடும் நேர்க்குத்து. பின்காலின் முன்பாதத்தைத் தரையில் திருகுங்கள். சிகரெட்டை மிதித்து அணைப்பதைப் போல. குதிகால் வெளிப்பக்கம் திரும்ப, இடுப்பும் தோளும் அதைத் தொடர, கை கடைசியாகப் போகும். கால் திரும்பாமல் கை மட்டும் போனால் அதில் பலமே இருக்காது.

ஹூக்: முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கியிருக்க, பக்கவாட்டில் வரும் குத்து. கையை வீசாதீர்கள்; முன்காலும் இடுப்பும் திரும்பும்போது கை அவற்றோடு சேர்ந்து வர வேண்டும். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் 15ஆவது சுற்றில் முகமது அலியைத் தரையில் சாய்த்தது ஜோ ஃபிரேசியரின் இட ஹூக்தான். நான்கு குத்துகளில் கற்கக் கடினமானது இது என்பது என் கருத்து. ஜாப்பும் கிராஸும் படியும்வரை இதைத் தள்ளிப்போடலாம்.

அப்பர்கட்: கீழிருந்து மேலாக, நெருங்கிய தூரத்தில். முழங்காலை மடக்கி எழுந்தாலே கை தானாக உயரும். கையைத் தொடைவரை இறக்கி ஓங்கினால் உங்கள் முகத்தைத் தாரை வார்த்துவிட்டீர்கள்.

பயிற்சிக்கூடங்களில் குத்துகளை எண்ணால் சொல்வது வழக்கம்: ஜாப் 1, கிராஸ் 2, முன்கை ஹூக் 3, பின்கை ஹூக் 4, முன்கை அப்பர்கட் 5, பின்கை அப்பர்கட் 6. பயிற்சியாளர் “ஒன்று-இரண்டு” என்றால் ஜாப், உடனே கிராஸ். இப்படித் தொடராகப் போடுவது காம்பினேஷன். தொடக்கத்தில் 1-2, 1-1-2 இரண்டும் போதும்; ஹூக் பழகிய பிறகு 1-2-3.

7. தற்காப்பு

கையுறையில் குத்தை வாங்கிக்கொள்வது பிளாக். வரும் ஜாப்பை உள்ளங்கையால் லேசாகத் தட்டித் திசைமாற்றுவது பேரி. தலையைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்திக் குத்தை வெறும் காற்றில் போகவிடுவது ஸ்லிப். காதை உரசாமல் போனால் போதும். அதற்கு மேல் சாய்ந்தால் திருப்பிக் குத்த நேரம் இருக்காது. ஹூக் வரும்போது முழங்காலை மடக்கி அதன் கீழே புகுந்து மறுபக்கம் எழுவது வீவ். எதிராளியின் கைகளை அணைத்து முடக்குவது கிளிஞ்ச். நடுவர் வந்து பிரிப்பார்.

எதைச் செய்தாலும் கண்ணை மூடாதீர்கள், எதிராளியின் மார்பைப் பாருங்கள். 1974இல் கின்ஷாசாவில் அலி வளையத்தைச் (ரிங்) சுற்றியுள்ள கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மேனின் குத்துகளை வாங்கியே அவரைக் களைக்கவைத்து, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். படிக்க ருசியான கதை. பழகுகிறவர் கயிற்றில் சாய்ந்தால் மிஞ்சுவது விலா வலி மட்டுமே. (அதே அலி 1980இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார்.)

8. வளையத்தின் சொற்கள்

மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவருக்குப் பத்து எண்ணிக்கை எல்லாம் 1867இல் வெளியான குவீன்ஸ்பெர்ரி விதிகளிலிருந்து வந்தவை. விழுந்தால் நாக்டவுன், பத்துக்குள் எழாவிட்டால் நாக்அவுட். இனி ஆட முடியாது என்று நடுவர் நிறுத்தினால் டெக்னிக்கல் நாக்அவுட். சுற்றை வென்றவருக்கு 10 புள்ளி, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. இடுப்புக்குக் கீழே, பின்மண்டையில், முதுகில் குத்துவதும் தலையால் முட்டுவதும் தவறாட்டம்.

9. ஒரு நாள் பயிற்சி

கயிறு தாண்டல் மூன்று சுற்று. கண்ணாடி முன் எதிராளி இருப்பதாகப் பாவித்து ஆடும் ஷேடோ பாக்ஸிங் மூன்று சுற்று. பிறகுதான் பை, அதுவும் பாதி பலத்தோடு மூன்று சுற்று. முதல் மாதம் இரண்டு நிமிடச் சுற்றுகளே போதும். சோர்ந்து கை இறங்கிய பிறகும் தொடர்ந்தால், இறங்கிய கையோடு குத்துவதுதான் பழக்கமாகும்.

ஸ்பாரிங் எப்போது என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்யட்டும். பல்காப்பும் தலைக்கவசமும் இல்லாமல் இறங்காதீர்கள். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மூளை அதிர்வைத் தடுக்காது. குத்து வாங்கிய பின் தலைவலி, குமட்டல், மந்தம் தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அவர் சொல்லும்வரை ஸ்பாரிங் வேண்டாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களை அனுபவசாலி ஒருவரோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் கூடமாக இருந்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று வேறு இடம் தேடுங்கள்.