சிஸ்ட் ஒபரேஷனுக்கு டேட் எடுக்க முதல் நாங்க விடுற பிழையள்

வெள்ளவத்தையில பின்னேரம் சனல் பண்ணி (பிரைவேட்டில டொக்டரைக் காட்ட நம்பர் எடுத்து) ரெண்டு மணித்தியாலம் குந்தியிருந்து, உள்ள போய் அஞ்சு நிமிஷத்தில வெளிய வந்து "சிஸ்ட்டாம், ஒபரேஷனாம், வியாழக்கிழமை டேட்" எண்டு வீட்டுக்குப் போன் அடிக்கிற ஆக்களில நானும் ஒராள். என்ன ஒபரேஷன் எண்டு கேக்கவே இல்ல. எனக்கு இருந்தது சொக்லட் சிஸ்ட், அதாவது எண்டோமெட்ரியோசிஸால (கர்ப்பப்பையின்ர உள்வரி மாதிரித் திசு வெளியில ஒட்டி வளருற வருத்தம்) சூலகத்தில வாற கட்டி. ஓட்டை போட்டு உள்ளுக்குக் கிடந்த பழைய ரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டினம், நான் கட்டியையே எடுத்தாச்சு எண்டு நினைச்சு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். ரெண்டு வருஷம் ஆகேல்ல, அதே இடத்தில திரும்ப.

உறிஞ்சி விடுறது, சுவரைக் கருக்கிறது, பையையே உரிச்சு எடுக்கிறது எண்டு இது மூண்டும் வேற வேற. பையை உரிச்சு எடுத்தா திரும்ப வாறது குறைவு, நோவும் குறைவு. ஆனா அதோட சேர்ந்து நல்ல சூலகமும் கொஞ்சம் போகும், முட்டை இருப்பு குறையும். அதால பிள்ளைக்கு யோசிக்கிற ஆக்கள், அதுவும் ரெண்டு பக்கமும் சிஸ்ட் எண்டா, இல்லாட்டி ரெண்டாந்தரம் வெட்டப்போறீங்க எண்டா, முதல்ல முட்டை இருப்பைக் காட்டுற ஏ.எம்.எச். ரத்த டெஸ்ட் ஒண்டைப் பற்றிக் கேளுங்கோ. ஐ.வி.எஃப். செய்யப் போறவைக்கு "முதல்ல சிஸ்ட்டை எடுத்துட்டு வாங்கோ" எண்டு சொந்தக்காரர் சொல்லுவினம், ஆனா எடுத்தா பிள்ளை கிடைக்கிற வாய்ப்பு கூடும் எண்டில்ல, எண்டோமெட்ரியோசிஸுக்கான 2022 ஐரோப்பிய வழிகாட்டியும் அதை வழமையாச் செய்யச் சொல்லேல்ல. நோ தாங்கேலாம இருந்தா அது வேற கதை.

எல்லாச் சிஸ்ட்டும் ஒண்டில்ல. பீரியட்ஸ் வாற வயசில வெறும் தண்ணிச் சிஸ்ட் 5 சென்ரிமீற்றருக்குக் குறைய எண்டா அநேகமா ரெண்டு மூண்டு மாசத்தில தானாப் போயிடும். டெர்மொயிட் அப்பிடிப் போகாது, அதுக்குள்ள மயிர், கொழுப்பு, சிலவேளை பல்லும் இருக்கும், அம்மம்மாமார் கேட்டா செய்வினை எண்டுதான் சொல்லுவினம். அதால சைஸை மட்டும் கேட்டுட்டு வராம என்ன வகை எண்டும் கேளுங்கோ. சூலகப் புற்றுநோயில கூடுற சி.ஏ.125 எண்ட ரத்த டெஸ்ட் கூட எண்டு ரிப்போட்டைப் பாத்து இரவிரவா கூகிள் தட்டி அழுறதும் வேண்டாம், எண்டோமெட்ரியோசிஸே அதைக் கூட்டும்.

பெரிய பிழை ஒண்டு இருக்கு, ஒருத்தரும் கதைக்கிறேல்ல. மாமியையோ அம்மாவையோ பக்கத்தில இருத்திக்கொண்டு டொக்டரிட்டப் போறது. புருஷனோட சேரேக்க நோகுது, பீரியட்ஸ் நேரம் வெளிக்குப் போகேக்க உயிர் போகுது எண்டு அவையளுக்கு முன்னால எப்பிடிச் சொல்றது? சொல்லாட்டி குடல் பக்கம் ஆரும் பாக்க மாட்டினம். எண்டோமெட்ரியோசிஸ் குடலில ஒட்டியிருந்தா குடல் சேர்ஜனும் கூட நிக்கோணும், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம், திறந்த பிறகு தெரிஞ்சு என்ன பிரயோசனம். சிங்களமோ இங்கிலிஷோ வராட்டி கூச்சமில்லாமக் கதைக்கக்கூடிய ஒரு பிரெண்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ, இல்லாட்டி பேப்பரில எழுதிக் குடுங்கோ.

எண்டோமெட்ரியோசிஸுக்கு "கர்ப்பப்பையை எடுத்தா முடிஞ்சுது" எண்டதும் சரியில்ல. வெளியில ஒட்டியிருக்கிறதை விட்டுட்டு கர்ப்பப்பையை மட்டும் எடுத்தா நோ போகாம இருக்கலாம். 38 வயசில ரெண்டு சூலகத்தையும் எடுத்தா அந்த வயசிலயே மெனோபோஸ் (பீரியட்ஸ் ஒரேயடியா நிண்டுபோறது), எலும்பும் தேயத் தொடங்கும்.

வெட்டின உடன மருந்தை நிப்பாட்டுறதும் பிழை. உடன பிள்ளை வேண்டாம் எண்டா ஹோமோன் குளிசையோ மிரேனாவோ (கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹோமோன் லூப்) ஒண்டரை ரெண்டு வருஷமாவது பாவிச்சா பீரியட்ஸ் நோ திரும்ப வாறது குறையும்.

இதெல்லாம் யோசிக்க நேரமிருக்கிற ஆக்களுக்கு. திடீரெண்டு ஒரு பக்கம் குத்தி, சத்தியும் வந்தா சூலகம் முறுகியிருக்கலாம், சனல் நம்பர் பாத்துக்கொண்டு இருக்காம உடன ஆஸ்பத்திரி ஈ.டி.யு.வுக்கு (அவசர சிகிச்சைப் பிரிவுக்கு) ஓடுங்கோ, நேரத்துக்குப் போனா சூலகத்தைக் காப்பாத்தலாம். காசுக்கு யோசிக்க வேண்டாம், டி சொய்சா, காசல் வீதி எண்ட ரெண்டு பெண்கள் ஆஸ்பத்திரியும் கொழும்பில பொரளைப் பக்கத்திலதான் இருக்கு, அரசாங்க ஆஸ்பத்திரி.

ரெண்டாவது டொக்டரிட்டக் காட்டினா முதலாவது ஆள் கோவிப்பார் எண்டு நினைக்காதீங்கோ, ஆனா வெறுங்கையோட போகாதீங்கோ. ஆஸ்பத்திரியால விடேக்க தாற டயக்னோசிஸ் கார்ட்டில ஒரு வரிதான் இருக்கும், ஒபரேஷன் நோட்டையும் லாப் ரிப்போட்டையும் கேட்டு வாங்குங்கோ. என்னட்ட அது இருக்கேல்ல, முந்தி என்ன செய்தினம் எண்டு ரெண்டாவது டொக்டர் கேக்க, "ஓட்டை போட்டவை டொக்டர்" எண்டுதான் எனக்குச் சொல்லத் தெரிஞ்சுது.