அமெரிக்காவில் ஓய்வுபெறுவோருக்கு மெடிகேர்: கட்ட வேண்டியது எவ்வளவு, கிடைப்பது எது

அமெரிக்காவில் 65 வயதை எட்டுவோருக்கு அரசு வழங்கும் மெடிகேர் காப்பீட்டை இலவச மருத்துவம் என்று நம்பி ஓய்வுக்காலச் செலவைத் திட்டமிடக் கூடாது. 1965-இல் அப்போதைய அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்த இத்திட்டம், மருத்துவமனைச் செலவுக்குப் பகுதி ஏ, மருத்துவர் செலவுக்குப் பகுதி பி என்று தொடக்கத்திலேயே பிரிந்திருந்தது. மருந்துக்கான பகுதி டி 2006-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கட்டணமும் தனித்தனிக் கெடுவும் உண்டு. மாதப் பிரீமியத்தை எல்லோரும் விசாரிக்கிறார்கள். கெடுவைத் தவறவிட்டால் அதன் விளைவு வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதைச் சிலரே அறிந்திருக்கிறார்கள்.

முதலில் உங்களுக்குப் பகுதி ஏ பிரீமியமின்றிக் கிடைக்குமா என்று பாருங்கள். நீங்களோ உங்கள் கணவரோ மனைவியோ அமெரிக்காவில் மொத்தம் 10 ஆண்டுகள், அதாவது 40 காலாண்டுகள், மெடிகேர் வரி செலுத்தி வேலை செய்திருந்தால் அது கிடைக்கும். இந்தியாவில் வேலை செய்த ஆண்டுகள் இதில் சேரா. பிள்ளைகளோடு வாழ கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்குப் பிள்ளை கட்டிய வரி பொதுவாக உதவாது. அவர்கள் நிரந்தரக் குடியிருப்பாளராக இங்கே தொடர்ந்து 5 ஆண்டுகள் வாழ்ந்த பிறகு, 65 வயது நிரம்பியிருந்தால், விலை கொடுத்துச் சேரலாம். 2026-இல் பகுதி ஏ-யின் முழுப் பிரீமியம் மாதம் 565 டாலர், பகுதி பி-யின் பிரீமியம் 202.90 டாலர். இரண்டையும் சேர்த்தால் ஒருவருக்கு 767.90 டாலர்; தாயும் தந்தையும் இருந்தால் அதைப் போல் இரு மடங்கு. பெற்றோரை அழைப்பதற்கு முன்பே குடும்பம் இந்தத் தொகையை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால், டிடக்டிபிள் எனப்படும் முதல் தொகையாக 2026-இல் 1,736 டாலரை நீங்கள் கட்ட வேண்டும். அதன் பிறகு 60 நாள் வரை அறைக் கட்டணம் ஏதுமில்லை. 61-ஆம் நாளிலிருந்து 90-ஆம் நாள் வரை நாளொன்றுக்கு 434 டாலர். இந்த முதல் தொகை ஆண்டுக்கு ஒருமுறை கட்டுவதன்று. வீடு திரும்பி 60 நாள் கடந்தபின் மீண்டும் சேர நேர்ந்தால், அதே ஆண்டிலேயே மறுபடியும் கட்ட வேண்டியிருக்கும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. மருத்துவமனைக் கட்டிலில் இரண்டு இரவு படுத்திருந்தாலும், உங்களைக் 'கண்காணிப்பு' நிலையில் மட்டும் வைத்திருந்தால் நீங்கள் கணக்கில் வெளிநோயாளிதான். தொடர்ந்து 3 நாள் உள்நோயாளியாக இருந்தவருக்கே, பின்னர் செவிலியர் கவனிப்பு மையத்தில் தேறுவதற்கான செலவை மெடிகேர் ஏற்கும்; அதுவும் முதல் 20 நாளுக்கு முழுமையாகவும், 100-ஆம் நாள் வரை நாளொன்றுக்கு 217 டாலரை உங்களிடம் வாங்கிக்கொண்டும். ஆகவே, "அப்பா உள்நோயாளியா, கண்காணிப்பில் இருக்கிறாரா?" என்று உடனிருப்பவர் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

பகுதி பி மருத்துவரைப் பார்ப்பது, பரிசோதனைகள், வெளிநோயாளிச் சிகிச்சைகள் ஆகியவற்றுக்கானது. ஆண்டுக்கு 283 டாலர் டிடக்டிபிள் கட்டியபின், மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகையில் 80 விழுக்காட்டை அரசு கொடுக்கும். 20 விழுக்காடு உங்களுடையது. அந்த 20 விழுக்காட்டுக்கு உச்சவரம்பு கிடையாது என்பதே அடிப்படை மெடிகேரின் மிகப் பெரிய ஓட்டை. மருத்துவமனைக்குப் போய்வந்து ஊசிவழி ஏற்றிக்கொள்ளும் புற்றுநோய் மருந்துகள் பகுதி பி-யில்தான் வரும். ஒப்புக்கொண்ட தொகை ஒரு லட்சம் டாலர் என்றால் உங்கள் பங்கு 20,000 டாலர்.

வருமானம் மிகுந்தவர்களுக்குப் பிரீமியமும் மிகும். 2024-ஆம் ஆண்டு வரிக் கணக்கில் தனிநபர் வருமானம் 1,09,000 டாலருக்கோ, சேர்ந்து கணக்குக் காட்டும் தம்பதியின் வருமானம் 2,18,000 டாலருக்கோ மேல் இருந்தால், 2026-இல் பகுதி பி-க்கு ஒவ்வொருவரும் குறைந்தது 284.10 டாலர் கட்ட வேண்டும். வேலையை விட்டதால் வருமானம் குறைந்திருந்தால் எஸ்எஸ்ஏ-44 என்ற படிவத்தைக் கொடுத்து இதைக் குறைக்கக் கோரலாம். ஆனால் ஊரிலுள்ள பூர்வீக வீட்டையோ மனையையோ விற்று வந்த ஆதாயமும் அமெரிக்க வரிக் கணக்கில் வருமானம்தான். இரண்டு ஆண்டு கழித்து அது பிரீமியத்தில் வந்து நிற்கும், அதற்கு அந்தப் படிவம் உதவாது. விற்பனையை எந்த ஆண்டில் வைத்துக்கொள்வது என்பதைக் கணக்காளரிடம் முன்கூட்டியே கலந்து பேசுங்கள்.

இனி கெடு. 65-ஆம் பிறந்தநாள் வரும் மாதம், அதற்கு முந்திய 3 மாதம், பிந்திய 3 மாதம் என 7 மாதங்கள் பதிவதற்கான முதல் வாய்ப்பு. நீங்களோ துணைவரோ வேலையில் தொடர்ந்து, 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தின் காப்பீட்டில் இருந்தால், பகுதி பி-யைத் தள்ளிப்போடலாம். அந்த வேலையோ காப்பீடோ, எது முதலில் முடிகிறதோ, அதிலிருந்து 8 மாதம் அவகாசம் உண்டு. பலர் இடறுவது கோப்ரா என்ற சட்ட ஏற்பாட்டில். வேலையை விட்டபின் கோப்ரா வழியாக அதே காப்பீட்டைப் பணம் கட்டித் தொடர்ந்தாலும், அது வேலையில் இருப்பவரின் காப்பீடாகக் கணக்கில் கொள்ளப்படாது. 8 மாதக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். தவறவிட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 விழுக்காடு அபராதமாகக் கூடும், பகுதி பி இருக்கும்வரை அது நீங்காது. எச்எஸ்ஏ எனப்படும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுபவர்கள், 65 வயதுக்குப் பிறகு விண்ணப்பிப்பதாக இருந்தால், 6 மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். ஏனெனில் பகுதி ஏ 6 மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும்.

பகுதி பி தொடங்கியதும் எடுக்க வேண்டிய முடிவுதான் எல்லாவற்றிலும் பெரியது. அடிப்படை மெடிகேரோடு மெடிகேப் என்ற துணைக் காப்பீட்டைச் சேர்க்கலாம். அல்லது தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறலாம். மெடிகேப்பில் பலரும் எடுக்கும் ஜி திட்டம், பகுதி பி-யின் டிடக்டிபிளைத் தவிர முன்சொன்ன பெரும்பாலான ஓட்டைகளை அடைத்துவிடும். மெடிகேர் ஏற்கும் எந்த மருத்துவரிடமும் போகலாம். ஆனால் அதற்குத் தனிப் பிரீமியம், மருந்துக்குத் தனித் திட்டம். அட்வான்டேஜ் திட்டங்கள் பலவற்றில் கூடுதல் பிரீமியம் இல்லை. பல், கண் சலுகைகளும் மருந்தும் சேர்ந்தே வரும். ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. அதற்கு ஈடாக, அவர்கள் பட்டியலிலுள்ள மருத்துவர்களிடமே போக வேண்டியிருக்கும், பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பகுதி பி பிரீமியத்தையும் தொடர்ந்து கட்ட வேண்டும்.

65 வயதுக்குப் பின் பகுதி பி தொடங்கியதிலிருந்து 6 மாதம் வரை எந்த நோய் இருந்தாலும் மெடிகேப் நிறுவனம் உங்களை மறுக்க முடியாது. அதற்குப் பிறகு, நியூயார்க், கனெக்டிகட் போன்ற மிகச் சில மாநிலங்கள் தவிர, உடல்நிலையைக் கேட்டு மறுக்கலாம். 65 வயதில் முதன்முறை அட்வான்டேஜில் சேர்ந்தவர் ஓராண்டுக்குள் திரும்பினால் பாதுகாப்பு உண்டு. அதன்பின் கதவு பெரும்பாலும் மூடிவிடும். சர்க்கரை நோயும் இதய நோயும் குடும்ப வழியாக வரும் நம் வீடுகளில், பிரீமியம் கட்டும் வசதி இருந்தால், உடல் நன்றாக இருக்கும்போதே மெடிகேப்பை எடுத்துவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

மருந்துக்கான பகுதி டி-யில் நிலைமை முன்பைவிட நன்று. திட்டத்தின் பட்டியலிலுள்ள மருந்துகளுக்கு 2026-இல் உங்கள் கைச்செலவு 2,100 டாலரைத் தாண்டாது. இன்சுலின் ஒவ்வொன்றுக்கும் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்க முடியாது. இதிலும் தாமதத்துக்கு நிரந்தர அபராதம் உண்டு.

நாட்பட்ட முதியோர் பராமரிப்பு, அதாவது குளிப்பாட்டவும் உணவூட்டவும் மட்டும் ஆள் தேவைப்படும் நிலை, மெடிகேரில் அடங்காது. இந்தியாவில் பெறும் சிகிச்சைக்கும் மெடிகேர் பணம் தராது. ஜி உள்ளிட்ட சில மெடிகேப் திட்டங்கள், பயணத்தின் முதல் 60 நாளில் நேரும் அவசரச் சிகிச்சைக்கு 250 டாலர் டிடக்டிபிள் போக 80 விழுக்காடு தரும். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். ஊருக்கே திரும்பி வாழ முடிவுசெய்தவர்கள் பகுதி பி-யை விட்டுவிடலாம். ஆனால் பேரப்பிள்ளைகளுக்காக மீண்டும் வந்தால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான பொதுப் பதிவுக்காலத்துக்குக் காத்திருந்து அபராதத்தோடுதான் சேர முடியும். திரும்பி வரும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், பிரீமியத்தைத் தொடர்ந்து கட்டி வருவதே பாதுகாப்பானது.

காப்பீட்டு முகவரிடம் போவதற்கு முன், ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற திட்டத்தின்கீழ் அரசு நிதியில் இயங்கும் இலவச ஆலோசனைச் சேவையை நாடுங்கள். அவர்கள் எதையும் விற்பதில்லை. வருமானம் குறைந்த பெற்றோருக்குப் பகுதி பி பிரீமியத்தை மாநிலமே கட்டும் சேமிப்புத் திட்டங்களுக்குத் தகுதி உண்டா என்பதையும் அங்கேயே கேளுங்கள். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை, நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவை இருக்கின்றனவா, உங்கள் மருத்துவர் இன்னும் அத்திட்டத்தில் இருக்கிறாரா என்று சரிபாருங்கள். மாற்றிக்கொள்வதானால் அந்த நாட்களுக்குள் மாற்றினால்தான் ஜனவரி 1 முதல் புதிய திட்டம் நடைமுறைக்கு வரும்.