இரண்டு வருடத்துக்கு மட்டும் தனியார் பள்ளி: இங்கிலாந்தில் சிக்ஸ்த் ஃபார்ம் தேர்ந்தெடுக்கும் வழி

பிள்ளை இயர் 10 முடிக்கிறது, அல்லது இயர் 11 தொடங்கிவிட்டது. இயர் 11 பொதுத் தேர்வான ஜிசிஎஸ்இயில் பெரும்பாலும் 8, 9 (9தான் உச்சம்) வரும் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஏ லெவலுக்கு, அதாவது சிக்ஸ்த் ஃபார்ம் எனும் இயர் 12, 13க்கு மட்டும் தனியார் பள்ளியில் போட்டால் என்ன என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. அந்த வீட்டாருக்கான செய்முறை இது. ஏ லெவல், யூகாஸ் போன்றவற்றை அடியிலிருந்து விளக்கப் போவதில்லை.

கெட்டிக்காரப் பிள்ளை எந்த நல்ல இடத்தில் படித்தாலும் ஏ எடுக்கும். அப்படியானால் கட்டணம் கட்டி எதை வாங்குகிறோம்? இலவச இடத்தில் கிடைக்காத அந்த ஒன்றை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "பக்கத்தில் எங்கும் ஃபர்தர் மேத்ஸ் இல்லை", "லத்தீன் வேண்டும்", "வகுப்பில் 24 பேர் இருந்தால் இவள் வாயே திறக்க மாட்டாள்" என்பதெல்லாம் சரியான வரிகள். "நல்ல பேர் உள்ள ஸ்கூல்" என்பது வரியே அல்ல.

படி 1: பாடங்கள்

பள்ளியைப் பார்ப்பதற்கு முன் பாடங்களை முடிவு செய்யுங்கள். பல பள்ளிகளில் 16+ (இயர் 12இல் சேர்வதற்கான) நுழைவுத் தேர்வே பிள்ளை ஏ லெவலில் எடுக்கப் போகும் பாடங்களில்தான் நடக்கும். இயர் 11 அக்டோபரில் பிசிக்ஸா எகனாமிக்ஸா என்று தடுமாறிக்கொண்டிருந்தால் எதற்குத் தயாராவது?

பல்கலைக்கழகத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். கேம்பிரிட்ஜில் கணிதம் என்றால் மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ் இரண்டும் கட்டாயம்; அதற்கு மேல் ஸ்டெப் என்ற கணித நுழைவுத் தேர்வு. மருத்துவம் என்றால் பெரும்பாலான இடங்களில் கெமிஸ்ட்ரி வேண்டும். இயர் 12 முடிந்த கோடையில் யூகேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். யூகாஸ் விண்ணப்பம் அக்டோபர் 15க்குள் போய்விட வேண்டும். இந்தத் தேர்வுகளுக்குப் பள்ளி வார நேரம் ஒதுக்குகிறதா, அல்லது ஒரு மாலைக் கூட்டத்தோடு முடித்துக்கொள்கிறதா என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நேர அட்டவணையையும் பாருங்கள். மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ், கெமிஸ்ட்ரி, மியூசிக் நான்கையும் விளம்பரப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் இரண்டு பாடங்கள் ஒரே ஆப்ஷன் பிளாக்கில் (ஒரே பாட நேரத்தில்) விழுந்தால் சேர்த்து எடுக்க முடியாது. "இந்த நான்கும் சேர்ந்து ஓடுமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

சில பள்ளிகளில் ஏ லெவலுக்குப் பதில் ஐபி எனும் பன்னாட்டு டிப்ளமா. செவனோக்ஸில் எல்லாருக்கும் ஐபிதான். ஆறு பாடம் எடுக்க வேண்டும், மொழியும் கட்டாயம். கணிதமும் அறிவியலும் தவிர வேறெதுவும் பிடிக்காத பிள்ளையை அதில் தள்ளாதீர்கள்.

படி 2: இலவச இடத்தை முதலில் எழுதுங்கள்

ஒப்பிடுவதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். லண்டனில் அந்த அளவுகோல் மிக உயரத்தில் இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டில் லண்டன் அகாடமி ஆஃப் எக்ஸலன்ஸ், ஈஸ்ட் ஹாமில் பிராம்ப்டன் மேனர், வெஸ்ட்மின்ஸ்டரில் ஹாரிஸ் வெஸ்ட்மின்ஸ்டர், கணிதத்தில் வெறி உள்ளவர்களுக்கு லாம்பெத்தில் கிங்ஸ் மேத்ஸ் ஸ்கூல் எல்லாமே அரசு நிதியில் நடப்பவை. கேம்பிரிட்ஜ் பக்கம் ஹில்ஸ் ரோடு, டெவன் பக்கம் எக்ஸெட்டர் மேத்ஸ் ஸ்கூல். கிராமர் பள்ளிகள் (நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள்) பலவும் இயர் 12இல் வெளியிலிருந்து எடுக்கின்றன; கிங்ஸ்டனில் உள்ள டிஃபின் ஆண்கள் பள்ளி சிக்ஸ்த் ஃபார்மில் பெண்களையும் சேர்க்கிறது.

இவற்றில் குறைந்தது இரண்டுக்கு விண்ணப்பம் போடுங்கள். தனியாருக்குத்தான் போகப் போகிறோம் என்று உறுதியாக இருந்தாலும் போடுங்கள். காரணம் படி 7இல் வரும்.

படி 3: தேதிகள்

அரசு சிக்ஸ்த் ஃபார்ம்களின் காலக்கெடுவை மனதில் வைத்துக்கொண்டு தனியாருக்கும் ஜனவரியில் பார்க்கலாம் என்று இருப்பவர்கள்தான் அதிகம். போட்டி உள்ள தனியார் பள்ளிகளில் இயர் 11 தொடங்கும் செப்டம்பர், அக்டோபரிலேயே பதிவு முடிந்துவிடும். தேர்வு நவம்பரில், முடிவு டிசம்பரில். அதனால் இயர் 10 கோடை டர்மிலேயே பள்ளிகளைப் போய்ப் பாருங்கள். தேதிகளை ஒரே தாளில் மூன்று பத்தியாக எழுதுங்கள்: பதிவு முடியும் நாள், பர்சரி (வருமானம் பார்த்துத் தரும் கட்டண உதவி) விண்ணப்பம் முடியும் நாள், தேர்வு நாள். நடுவில் இருப்பதுதான் தவறிப்போகும். பல இடங்களில் அது பதிவு முடியும் நாளோடு ஒட்டியே வரும். இடம் கிடைத்த பிறகு உதவி கேட்கலாம் என்றால் நடக்காது.

ஆண்கள் பள்ளி என்று பெயர் இருப்பதால் மகளுக்கு விலக்கிவிட வேண்டாம். விம்பிள்டன் கிங்ஸ் காலேஜ் ஸ்கூல் சிக்ஸ்த் ஃபார்மில் பெண்களை எடுக்கிறது. வின்செஸ்டர் 2022 முதல் எடுக்கிறது.

படி 4: ரிசல்ட்டைப் படிக்கும் விதம்

இங்கே நிதானமாகப் போவோம். பெற்றோர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பள்ளி இணையதளத்தில் "ஏ ஸ்டார், ஏ: 70%" என்று பெரிய எழுத்தில் இருக்கும். 2025இல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சேர்த்து இந்த விகிதம் 28.3%. எனவே 70 பிரமாதமாகத் தெரியும். ஆனால் எதில் 70?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இயர் 12இல் 100 பேர் சேர்கிறார்கள். வருடக் கடைசியில் உள்தேர்வு வைத்து, மதிப்பெண் போதாது என்று 18 பேரை "வேறு இடம் உங்களுக்குப் பொருத்தம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். மிச்சம் 82 பேர் தலா மூன்று பாடம் எழுதினால் 246 தாள். அதில் 172 ஏ அல்லது ஏ ஸ்டார் என்றால் 70%. போன 18 பேரும் இருந்து எழுதி, அவர்களுக்கு ஒரு ஏகூட வராமல் இருந்திருந்தால் 300இல் 172, அதாவது 57%. பள்ளி பொய் சொல்லவில்லை. வகுத்த எண் வேறு, அவ்வளவுதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இரண்டு வருடத்துக்கு முன் இயர் 12இல் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இயர் 13 தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள்? இயர் 13க்குப் போக உள்தேர்வில் குறைந்தபட்சம் என்ன வேண்டும், அது எழுத்தில் எங்கே இருக்கிறது? வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் ரிசல்ட் தனியாக எப்படி? மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் பள்ளியை நம்பலாம். மழுப்பினால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பாடவாரியாக எண்ணிக்கையோடு கேளுங்கள். மொத்த விகிதம் உயர்ந்திருக்கும். உங்கள் பிள்ளை எடுக்கப் போகும் பிசிக்ஸில் மட்டும் அது சரிந்திருக்கும். மூன்று வருடத்துக்கு வாங்குங்கள். ஒரே வருடத்தில் 9 பேர் எழுதிய பாடத்தின் சதவீதம் எதையும் சொல்லாது.

கல்வித் துறையின் பள்ளி ஒப்பீட்டு இணையதளம் இலவசம். செய்தித்தாள் தரவரிசைகளைவிட நான் அதையே பரிந்துரைப்பேன். அதில் ஏ லெவல் தாளுக்குச் சராசரிப் புள்ளி இருக்கும். ஏ ஸ்டாருக்கு 60, ஏவுக்கு 50, பிக்கு 40 என்று இறங்கும். அதே தளத்தில் புகழ்பெற்ற தனியார் பள்ளிக்கு ஜிசிஎஸ்இ பக்கத்தில் பூஜ்யம் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அவர்கள் எழுதும் இன்டர்நேஷனல் ஜிசிஎஸ்இ அந்தக் கணக்கில் சேராது.

கடைசியாக, உள்ளே வருபவர்களின் தரம். எல்லாரும் 9 எடுத்தே நுழையும் பள்ளியில் 90% ஏ வருவதில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று சொல்வது கடினம். 7 எடுத்தவர்களை வைத்து 60% காட்டும் பள்ளியில் கற்பித்தல் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 5: நேரில் போகும்போது

ஓப்பன் ஈவினிங்கில் ஹெட் பேசுவதைக் கேட்டதும் கிளம்பிவிடாதீர்கள். பாடத் துறைகளின் மேசைக்குப் போய், ஏ லெவலுக்கு யார் கற்பிக்கிறார்கள், எத்தனை வருடமாக, வகுப்பில் எத்தனை பேர், கடந்த வருடம் ஆசிரியர் மாறினாரா என்று கேளுங்கள். கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும். நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். சுற்றிக்காட்டும் மாணவரிடம் "நீங்கள் இயர் 12இல் வந்தவரா?" என்று கேட்பது நல்ல கேள்வி. 11 வயதிலிருந்து ஒன்றாக இருக்கும் கூட்டத்தில் புதிதாக நுழைந்தவரின் பதில்தான் உங்களுக்கு வேண்டியது.

தனியார் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஐஎஸ்ஐ அமைப்பின் அறிக்கைகளில் 2023 செப்டம்பருக்குப் பிறகு "எக்ஸலன்ட்" போன்ற ஒற்றைச் சொல் தீர்ப்பு கிடையாது. தரநிலைகள் பூர்த்தியா இல்லையா என்ற வரியை மட்டும் பார்த்தால் போதும்.

ட்யூட்டோரியல் காலேஜ் வகைப் பள்ளிகளில் சிறிய வகுப்பு, யூனிஃபார்ம் இல்லை, அடிக்கடி டெஸ்ட். மறுதேர்வு எழுதுபவர்களுக்கும் நடுவில் பள்ளி மாற வேண்டியவர்களுக்கும் மிக நல்லது. ஆர்கெஸ்ட்ரா, டிபேட், ஒலிம்பியாட் என்று பரந்து ஓடும் பிள்ளைக்கு அது சின்னதாகத் தெரியும்.

படி 6: நுழைவுத் தேர்வு

நவம்பர் தேர்வில் ஜிசிஎஸ்இ பாடத்திட்டம் முழுதும் வரலாம். பிள்ளையின் பள்ளியில் அதில் ஒரு பகுதி இன்னும் நடத்தியே இருக்காது. பள்ளி வெளியிடும் பாடப் பட்டியலை ஜூலையில் எடுத்து, நடத்தாத தலைப்புகளைக் கோடிட்டு, கோடையில் முடித்துவிடுங்கள். கணிதத்துக்கு ஏக்யூஏ லெவல் 2 ஃபர்தர் மேத்ஸ் பழைய தாள்கள் போதும். கொஞ்சம் யூகேஎம்டி கணிதப் போட்டியின் இன்டர்மீடியட் தாள்கள். இயற்பியலுக்கு ஐசக் தளம், இலவசம். விலை கொடுத்து வாங்கும் "16+ பேக்"குகளுக்கு முன் இவற்றை முடித்துப் பாருங்கள்.

நேர்காணலில் மனப்பாடப் பதில் உடனே தெரிந்துவிடும். தெரியாத கணக்கைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். வீட்டில் அதைப் பழக்குங்கள்.

படி 7: பணமும் கையெழுத்தும்

2025 ஜனவரி 1 முதல் கட்டணத்தின் மேல் 20% வாட். டர்முக்கு 9,000 பவுண்ட் என்று வைத்தால் வாட்டோடு 10,800; மூன்று டர்முக்கு 32,400. இரண்டாம் வருடம் 5% ஏற்றினால் 34,020. மொத்தம் 66,420. தேர்வுக் கட்டணம், சாப்பாடு, பஸ் தனி. இணையதளத்தில் போட்டிருக்கும் தொகை வாட் சேர்த்ததா என்று பாருங்கள். வருடா வருடம் உயரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஸ்காலர்ஷிப் பல இடங்களில் பெருமைக்குத்தான். குறைவது சிறு தொகை. உண்மையான உதவி பர்சரி. வருமானத்தோடு சொத்தையும் பார்ப்பார்கள், வருடாவருடம் மறுபடி பார்ப்பார்கள், சிலர் வீட்டுக்கும் வருவார்கள். பி60 (வருடச் சம்பள, வரிச் சான்று), சொந்தத் தொழில் என்றால் எஸ்ஏ302 (வரிக் கணக்குச் சுருக்கம்), வங்கிக் கணக்கு அறிக்கைகள், மார்ட்கேஜ் கடிதம் எல்லாம் தயாராக இருக்கட்டும். நம்மவர்களுக்குச் சிக்கல் வரும் இடங்கள் மூன்று. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உள்ள காணி, வீடு: படிவம் கேட்டால் எழுதித்தான் ஆக வேண்டும். சீட்டு எடுத்த பணம் கணக்கில் மொத்தமாக விழுந்திருந்தால் அது கூடுதல் வருமானம்போலத் தெரியும். விளக்கக் குறிப்பு ஒன்றை முன்கூட்டியே இணையுங்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தைச் செலவாகக் கழித்துக்கொள்வார்கள் என்று எண்ண வேண்டாம். முழு உதவி தேவைப்படும் வீட்டார் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளியைப் பாருங்கள். அரசுப் பள்ளிப் பையன்களுக்கு ஈட்டனின் ஆர்வெல் விருது இருக்கிறது.

இனி ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டு டெபாசிட் கட்டியதும் "இடம் பிடித்து வைத்தாயிற்று, ஆகஸ்டில் முடிவு செய்யலாம்" என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலான ஒப்பந்தங்கள் அப்படி விடுவதில்லை. சேர்வதற்கு ஒரு முழு டர்முக்கு முன் எழுத்தில் விலக வேண்டும். செப்டம்பரில் சேர்பவருக்கு அது ஏப்ரலில், கோடை டர்ம் தொடங்குமுன். அதற்குப் பிறகு விலகினால் டெபாசிட் போவதோடு ஒரு டர்ம் கட்டணமும் கேட்பார்கள். அரசு இடமோ ஆகஸ்டில் ஜிசிஎஸ்இ முடிவு வந்த பிறகுதான் உறுதியாகும். ஆகவே உண்மையான முடிவு நாள் ஏப்ரல். அதற்குள் கையில் அரசு சிக்ஸ்த் ஃபார்மின் நிபந்தனை இடம் இருந்தால்தான் துணிந்து விலக முடியும். படி 2இல் விண்ணப்பம் போடச் சொன்னது இதற்காக.

கையெழுத்துக்கு முன் நான்கு ஷரத்துகளைத் தேடிப் படியுங்கள்: விலகல் அறிவிப்பு நாள், ஜிசிஎஸ்இ மதிப்பெண் குறைந்து பள்ளியே மறுத்தால் டெபாசிட் திரும்புமா, இயர் 13க்கு அனுப்ப மறுக்கும் உரிமை, பெற்றோர் இருவரும் தனித்தனியாகவும் முழுத் தொகைக்குப் பொறுப்பா.

பலரும் பிறகு கேட்கும் இரண்டு விஷயம்

தனியாருக்கு மாறினால் பல்கலைக்கழக உதவித் திட்டங்கள் போகுமா? சில போகும். ஆக்ஸ்ஃபோர்டின் யூனிக், சட்டன் டிரஸ்ட் கோடைப் பள்ளிகள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கானவை. குறைந்த மதிப்பெண்ணில் இடம் தரும் சலுகைகளில் சில இடங்கள் ஜிசிஎஸ்இ படித்த பள்ளியைப் பார்க்கும், சில ஏ லெவல் பள்ளியை, சில இரண்டையும். குறிவைத்த படிப்பின் பக்கத்தில் இதைத் தேடிப் படித்துவிட்டு மாறுங்கள்; மருத்துவத்துக்கு இது மிக முக்கியம்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஏ லெவலுக்கென்று பிள்ளையை அனுப்பினால்? சைல்ட் ஸ்டூடன்ட் விசாவில் வர முடியும். அரசுப் பள்ளிகள் அதற்கு ஸ்பான்சர் செய்ய முடியாது என்பதால் அந்த விசாவில் தனியார் மட்டுமே வழி. ஆனால் முழுநேரப் படிப்புக்காகவே தங்கிய வருடங்கள் உள்ளூர்க் கட்டணத்துக்கான மூன்று வருட வசிப்பில் சேராது. பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டுக் கட்டணம்தான், ஆகவே பட்ஜெட்டை இரண்டு வருடத்துக்குப் போடாமல் ஐந்துக்குப் போடுங்கள்.