வாடகை ஒன்று, கணக்கு இரண்டு

களியக்காவிளையில் எங்களுக்கு ஒரு மாடி வீடு. கீழே கடை, மேலே பாறசாலைக்காரர் குடும்பம். மாத வாடகை மொத்தம் 24,000. பணம் என் வங்கிக் கணக்கில் விழுந்ததால் வருமான வரியிலும் முழுவதையும் நானே காட்டினேன். படிவம் போட்டவரும் ஒன்றும் கேட்கவில்லை.

2023 நவம்பரில் வேறெதற்கோ வீட்டுப் பிரமாணத்தை (பத்திரத்தை) எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது: வீடு என் பேரிலும் மனைவி பேரிலும் சரிபாதி. அவள் பங்குக்கு அவளுடைய நகை விற்ற பணம். அந்த ரசீதும் கூடவே இருந்தது. அப்போதைய 1961 வருமான வரிச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, பங்கு தெளிவாக இருந்தால் அவரவர் பாதிக்கு அவரவர் வரி. பணம் யார் கணக்கில் விழுகிறது என்பது பொருட்டல்ல.

வருட வாடகை 2,88,000. கட்டிய வீட்டு வரி 8,000 கழித்து ஆளுக்கு 1,40,000. அதில் சட்டம் தரும் கழிவு 30 சதவீதம் போக வரிக்குக் காட்ட வேண்டியது 98,000. டிசம்பர் 31க்குள் திருத்திய படிவம் போட்டேன். அவள் பங்கை அவளும் காட்டினாள். அப்புறம் வாடகைச் சீட்டையும் இருவர் பேரில் மாற்றினோம்.

‘முழுசையும் பெண்டாட்டி பேருக்கு எழுதிவிடு’ என்றார் மச்சான். அவளிடம் பணம் வாங்காமல் எழுதினால் அந்த வாடகைக்கு வரி திரும்ப என் தலையில்தான் விழும். சரி, அவருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்கவே இரண்டு சாயா ஆனது.