வார் பஸ் கம்பி இல்லை: குதிரையேற்றம் பழகுபவர்கள் செய்யும் தவறுகள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பண்ணையில் ஞாயிறுதோறும் குதிரையேற்றம் சொல்லித் தருகிறேன். ஹெல்மெட் போடுங்கள், குதிரைக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள் என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். போன வாரம், புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, குதிரை லேசாகத் துள்ளியதும் கடிவாள வாரை நெஞ்சுவரை இழுத்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய என்னைப் பார்த்தது போலிருந்தது. எரிச்சலும் வந்தது.

வாரைப் பிடித்துத் தொங்குவது

டவுன் பஸ்ஸில் பிரேக் போட்டால் கை தானாக மேல்கம்பிக்குப் போகுமே, அதே பழக்கம்தான் இது. ஆனால் வாரின் மறுமுனை குதிரையின் வாயில் இருக்கிறது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் உட்காரும். அந்த இடத்தில் எலும்பின் மேல் மெல்லிய ஈறு மட்டுமே இருக்கிறது. நம் தடுமாற்றம் முழுவதையும் அந்த ஈறுதான் தாங்க வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன் எனக்குக் கிடைத்தது ரேஸில் ஓடி ஓய்ந்த ஒரு தரோபிரெட் இனக் குதிரை. ரேஸ் குதிரைகளில் பல, வார் இறுகினால் அதன் மேல் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடிப் பழகியவை. இது தெரியாமல் நான் இழுத்தேன், அது ஓடியது. பயந்து இன்னும் இழுத்தேன், இன்னும் ஓடியது. தென்னந்தோப்பு வாய்க்கால் ஓரம் விழுந்ததில் என் காரை எலும்பு போயிற்று. அது ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. குதிரையின் வாய்ப்புண்தான் சீக்கிரம் ஆறவில்லை. ஆறிய பிறகும் நான்கு மாதம், கடிவாளத்தைப் பார்த்தாலே தலையை வானத்துக்குத் தூக்கியது. வைத்தியச் செலவில் பாதி என்னுடையது.

இழுப்பதால் குதிரை எதையும் கற்பதில்லை. இழுப்பு தளரும் நொடியில்தான் கற்கிறது. அது வேகத்தைக் குறைத்ததும் வாரைத் தளர்த்தினால், ‘ஓ, இதைத்தான் கேட்டார்கள்’ என்று அதற்குப் புரியும். நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், நின்றும் பயனில்லை என்றுதானே அது நினைக்கும்? குதிகால் அழுத்தமும் அப்படித்தான். நடக்கத் தொடங்கிய குதிரையை விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தால், நாளடைவில் நம் கால் அழுத்தம் அதற்கு மரத்துப் போகும்.

அதனால் என்னிடம் வருபவர்களுக்கு முதலில் வாரே கிடையாது. நீளக் கயிற்றில் குதிரையை நான் வட்டமாக ஓட்டுவேன், அவர்கள் கையை வீசி உட்கார வேண்டும். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியிலேயே புதியவர்கள் வாரும் அங்கவடியும் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) இல்லாமல் பல மாதம் இப்படித்தான் பழகுகிறார்கள். தடுமாறினால் பிடரி மயிரைப் பிடியுங்கள், குதிரைக்கு அது பெரிதாக வலிக்காது. மிரண்டு ஓடினால் இரண்டு வாரையும் சேர்த்து இழுக்காமல், ஒரு பக்கமாக இழுத்து விட்டு, இழுத்து விட்டு, பெரிய வட்டத்தைச் சிறிதாக்குங்கள். வெடுக்கென்று திருப்பினால் கால் இடறி இருவரும் விழுவீர்கள்.

வயிற்று வாரை ஒரே தடவை இறுக்குவது

சேணம் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. பத்தடி நடக்கவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

குதிரையை நடத்திச் செல்லும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது

விரல்கள் வேண்டுமென்றால் சுற்றாதீர்கள்.

அன்பு மிகுதியில் தீனி

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலியில் புரண்டு செத்தே போகலாம். தீவனத்தை மாற்றுவதானால் ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வீட்டிலிருந்து கொள்ளு அவித்து எடுத்து வரும் அக்கா, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழகத் தொடங்கிய மூன்றாம் மாதத்திலேயே குதிரை வாங்குவது

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போங்கள், கண்குளிரப் பாருங்கள். பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அந்தத் தம்பி இப்போது நீளக் கயிற்றில் வட்டம் சுற்றுகிறார். ‘காசு கட்டி ராட்டினம் சுற்றுகிறேன் அண்ணா’ என்று முகம் சுளிக்கிறார். இன்னும் ஆறு ஞாயிறு பாக்கி.