பிரெஞ்சு வினைகளை அசை பிரிக்கும்போது தவிர்க்க வேண்டியவை

பிரெஞ்சு புதிதாகப் படிப்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். 'இல் பார்ல்' (அவர்கள் பேசுகிறார்கள்) என்பதில் எழுதப்படும் கடைசி எழுத்துகளை வாசிக்கக் கூடாது என்பது முதல் வாரமே தெரிந்துவிடும். அதை விடுங்கள்.

அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்வது

'வாங்கு' என்ற வினையில் நான் வாங்குகிறேன் 'ஜாஷெத்', நாங்கள் வாங்குகிறோம் 'நூ ஸாஷ்தோன்'. முதலாவதில் எ (e) மேல் சாய்குறி (è) உண்டு, இரண்டாவதில் கிடையாது. நான் படித்த காலத்தில் இதை விதிவிலக்குப் பட்டியலாகவே கொடுத்தார்கள். ஆறு மாதம் உருப்போட்டுவிட்டு, வாய்மொழித் தேர்வில் 'நூ ஸாஷெத்தோன்' என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் அதையேதான் சொன்னேன். போன வாரம் ஒரு மாணவியும் அப்படியே சொன்னார். அவர் மேல் கோபமில்லை. காரணம் சொல்லாமல் கையில் திணிக்கப்படும் அந்தப் பட்டியல்தான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

காரணம் அசையில் இருக்கிறது. 'ஜாஷெத்' என்பதன் இறுதி எ ஒலிக்காது. ஆகவே த் முன்னால் போய் ஒட்டிக்கொண்டு 'ஷெத்' என்ற மூடிய அசை, அதாவது மெய்யில் முடியும் அசை, உண்டாகிறது. மூடிய அசைக்குள் ஊமை எ (பட்டும் படாமலும் ஒலிக்கும், பல இடங்களில் ஒலிக்காமலே போகும் எ) நிற்காது, வாய் திறந்த எ ஆகிவிடும். சாய்குறி காட்டுவது அதைத்தான். 'நூ ஸாஷ்தோன்' என்னும்போது 'தோன்' அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது, நடுவில் உள்ள எ சாதாரணப் பேச்சில் விழுந்தேவிடும். எதிர்காலத்தில் 'ஜாஷெத்ரே': அழுத்தம் 'ரே'க்குப் போனாலும் 'ஷெத்' மூடியே இருப்பதால் குறி தங்குகிறது.

'அழை' வினையில் இந்த வேலையை எழுத்தில் வரும் இரட்டை ல் (ll) செய்கிறது: 'ஜாப்பெல்', ஆனால் 'நூ ஸாப்லோன்'. 1990 எழுத்துச் சீர்திருத்தம் இந்த வகை வினைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்குறியையே பொதுவாக்கியது. 'அழை', 'எறி' இரண்டும் அவற்றின் குடும்பமும் இரட்டை மெய்யோடு நின்றுவிட்டன.

'இற' வினையில் 'ஜ மோர்', 'நூ மூரோன்' என்று உயிர் மாறுவதும் பழைய லத்தீன் அழுத்தத்தின் மிச்சம்தான். அழுத்தம் விழுந்த ஓ ஒரு வழியில் போனது, விழாத ஓ வேறு வழியில் போனது.

சொல்லுக்குச் சொல் நிறுத்துவது

'அவன் வருகிறான்' என்பது 'இல் ஆரிவ்' அல்ல, 'இ-லா-ரிவ்': முதல் சொல்லின் ல் அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்துகொள்ளும்.

அழுத்தத்தை வினையோடு கட்டிப்போடுவது

'ஜ பார்ல்' என்று தனியே சொன்னால் அழுத்தம் 'பார்ல்' மேல். 'ஜ பார்ல் ஃப்ரான்ஸே' என்றதும் அது 'ஸே'க்கு ஓடிவிடும். ஒரே மூச்சில் வரும் சொற்கூட்டத்தின் கடைசி அசைக்குத்தான் அது சொந்தம். 'அதைக் கொடு' என்ற 'தொன்-ல'வில் ஊமை எ கூட அழுத்தம் பெறும், கடைசியில் நிற்பதால்.