பழைய காரின் கூலிங் சிஸ்டம்: புதிய பாகம் மாட்டும்போது நடக்கும் தவறுகள்

பழைய மாருதி 800 ஒன்றை வாங்கியவர் தானே ஸ்பேனர் பிடித்துப் பார்க்கலாம் என்று துணியும்போது, பெரும்பாலும் முதலில் கை வைப்பது கூலிங் சிஸ்டத்தில்தான். பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டரும் ஹோஸ்களும் கண்ணெதிரே இருக்கின்றன. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன கார் என்றாலும், பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. விலையும் கையைக் கடிப்பதில்லை. கழற்றி மாட்டுவது அப்படியொன்றும் கடினமில்லை. புதிய தெர்மோஸ்டாட்டையோ (எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) வாட்டர் பம்ப்பையோ மாட்டி, தண்ணீர் ஊற்றி, நேராக நெடுஞ்சாலையில் ஏறுகிறோமே, அந்த முதல் ஓட்டம்தான் ஆபத்தானது. சில நூறு ரூபாய் பாகத்துக்காகத் தொடங்கிய வேலை, எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து லேத் பட்டறை வரை போவது பல நேரங்களில் அப்போதுதான். மாருதி 800-ஐ மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மற்ற பழைய கார்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எப்போது சூடாகிறது?

வண்டி சூடாகிறது என்றதும் கடைக்கு ஓடி ரேடியேட்டர் வாங்காதீர்கள். எந்த நேரத்தில் சூடாகிறது என்று முதலில் பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது மீட்டர் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் மீது சந்தேகம் கொள்ள வேண்டும்: மோட்டார், ரிலே, ஃபேன் சுவிட்ச், அதற்கு வரும் ஒயர். ஊருக்குள் ஒழுங்காக ஓடி, வேகத்திலோ ஏற்றத்திலோ சூடானால் ரேடியேட்டரின் குழாய்கள் அடைத்திருக்கலாம். கீழ் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். பம்ப் தண்ணீரைச் சரியாகத் தள்ளாமல் இருக்கலாம். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் விறைத்துக்கொண்டால், ரேடியேட்டர் வாயில் குமிழிகள் நிற்காமல் வந்தால், ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்ததுபோல் தெரிந்தால், அது ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டின் விவகாரம். அந்த எஞ்சினுக்குப் புது ரேடியேட்டர் வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

ஃபேன் சுவிட்ச் பழுதானால் ஃபேனை நேராகச் சாவியோடு இணைத்து எப்போதும் ஓடவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அவசரத்துக்கு வீடு வந்து சேர அது உதவும். ஆனால் அப்படியே விட்டுவிட்டால் மோட்டார் சீக்கிரம் தேயும். பின்னால் வரும் வேறு பழுதும் வெளியே தெரியாமல் மறைந்துகிடக்கும்.

மூடியை அலட்சியம் செய்யாதீர்கள்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் கடைசியாக நினைக்கும் பாகம் ரேடியேட்டர் மூடி. என்னைக் கேட்டால் முதலில் மாற்ற வேண்டியதே அதுதான். பிரஷர் குக்கரில் வெயிட் செய்யும் வேலையை இங்கே மூடி செய்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், அழுத்த அளவு 0.9 என்று குறித்த மூடிக்குள் ஏறக்குறைய 119 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். மலையில் இந்த அழுத்தத்தின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரப்பர் வளையம் காய்ந்து அழுத்தம் பிடிக்காத மூடியோடு மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால், எஞ்சினில் வேறு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் தண்ணீர் கொதித்து வெளியேறலாம்.

மூடிக்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. அழுத்தம் மிகும்போது பெரியது திறந்து தண்ணீரை ரிசர்வ் பாட்டிலுக்கு அனுப்பும். எஞ்சின் ஆறும்போது நடுவிலுள்ள சிறியது திறந்து அதே தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சிறிய வால்வு ஒட்டிக்கொண்டால் ஹோஸ்கள் சப்பிப்போகும். புதிய மூடி வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் நல்லதுதானே என்று தோன்றலாம். இருபது வயதான ரேடியேட்டரும் ஹீட்டர் குழாயும் அந்தக் கூடுதல் அழுத்தத்தை ஏற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஆண்டுதோறும் யாராவது முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள். மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, சூடும் விறைப்பும் முழுதாக அடங்கிய பிறகே தொடுங்கள். கொதித்து நின்ற எஞ்சினில் உடனே குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவதும் அதே அளவு மோசம். ஹெட் வளையவும் விரிசல் விடவும் அது போதும்.

"நம் ஊருக்கு எதற்குத் தெர்மோஸ்டாட்?"

தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிவதில் நம் மெக்கானிக்குகள் சிலருக்குத் தனி மகிழ்ச்சி. குளிர் நாட்டுக்காரனுக்கான பாகம் அது, நம் வெயிலுக்கு வேண்டாம் என்பது வாதம். அடைத்துக்கொண்ட தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதும் வண்டி சூடாவது நிற்பதால், வாதம் மெய்யென்றே தோன்றிவிடுகிறது. நின்றது அந்தப் பழுதான பாகத்தால் வந்த தொல்லை மட்டுமே. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய வெப்பநிலைக்கு வர நெடுநேரம் பிடிக்கும். சில நாள் வராமலே போகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும், சிலிண்டர் சுவர் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அதுவே மூட வேண்டும். அவற்றில் கழற்றிவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி, கடும் ஏற்றத்தில் சூடு கூடவும் செய்யும்.

புதியதை மாட்டுமுன் சோதித்துவிடுங்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். உடம்பில் 82 என்று பொறித்திருந்தால் அதையொட்டித் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். அடுப்பை அணைத்தால் மூட வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த புதிய பாகமே திறக்காமல் கிடப்பது உண்டு.

மாட்டும் திசையும் முக்கியம். ஸ்பிரிங்கும், சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும் மெழுகுக் குமிழும் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சூடான தண்ணீர் மெழுகைச் சரியாகத் தொடாது. திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. விளிம்பில் ஒரு சிறு துளையோ ஆடும் ஊசியோ இருந்தால் அது காற்று வெளியேறும் வழி. அதை மேல்பக்கமாக வையுங்கள்.

ஹோஸ், போல்ட், கேஸ்கட்

பழைய ஹோஸ் கழுத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிடித்து முறுக்கி இழுத்தால், செம்பு ரேடியேட்டரில் ஈயப் பற்று விட்டுப்போகும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் கழுத்தே முறியும். எப்படியும் மாற்றப்போகிற ஹோஸ்தானே, பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். புதியதை மாட்டும்போது கிளிப் கழுத்தின் மேட்டுக்கு உள்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலோ விளிம்பிலோ நின்றால் அழுத்தம் ஏறியதும் நழுவும். ஹோஸுக்குள் சீலண்ட் பூசுவது வேண்டாத வேலை. கிளிப்பை ரப்பர் பிதுங்கும் வரை முறுக்குவதும் அப்படியே. ஒரு ஹோஸ் வெடித்திருந்தால், அதே வயதுடைய மற்றதும் வரிசையில் நிற்கிறது என்று பொருள்; இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

போல்ட்கள்தான் புதியவர்களை அழவைக்கும். தெர்மோஸ்டாட் கூட்டைப் பிடித்திருக்கும் இரும்பு போல்ட்கள் அலுமினியத்தில் பல ஆண்டு துருவேறி இறுகிப்போயிருக்கும். நீளமான கைப்பிடி போட்டு ஒரே மூச்சில் திருப்பினால் தலை கையோடு வரும், உடல் உள்ளே நிற்கும். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். காலையில் தலையில் லேசாகத் தட்டி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். மாட்டும்போது 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் தேவை, அதாவது சிறிய ஸ்பேனரை மணிக்கட்டு பலத்தால் திருப்பும் அளவு. அலுமினியத்தில் மரை போய்விட்டால் அதைச் சரிசெய்வது தனிக் கதை.

பழைய கேஸ்கட்டை ஸ்குரூடிரைவரால் சுரண்டிக் கோடு போடாதீர்கள். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். காகித கேஸ்கட்டுக்கு மேல் சிலிக்கான் பசையை அப்பி வைத்தால், பிதுங்கும் பசை உள்ளே உதிர்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும்.

வாட்டர் பம்ப்

பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அங்கிருந்து சொட்டினால் உள் சீல் போய்விட்டது, பம்ப் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அறிவிக்கத்தான் அந்த ஓட்டையே வைத்திருக்கிறார்கள். ஒழுகுகிறதே என்று அதை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. வெளியே வர வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போய், பம்ப் முழுதாக இறுகிவிடும். சில எஞ்சின்களில் பம்ப்பை, வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட்டே சுழற்றும். அந்த வகை என்றால், குறிகளைச் சரியாக வைக்கத் தெரியாமல் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். அந்த வேலைக்கு ஒரு நல்ல கை பக்கத்தில் இருக்கட்டும். மற்றவற்றில் பம்ப்பைச் சுழற்றும், பழக்கத்தில் ஃபேன் பெல்ட் என்று சொல்லும் பெல்ட்டை மிக இறுக்கினாலும் புது பேரிங் விரைவில் கெடும். நீள இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமுங்குவது பொதுவான அளவு.

பம்ப்பின் போல்ட்கள் எல்லாம் ஒரே நீளமாக இருப்பதில்லை. ஓர் அட்டையில் பம்ப்பின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அங்கேயே குத்தி வையுங்கள். கடைக்குப் போகும்போது பழைய பம்ப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், "800 பம்ப்" என்று வாயால் கேட்பதைவிட அருகருகே வைத்து ஒப்பிடுவதே மேல்.

எந்தத் தண்ணீர்?

போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு சூடான இடங்களில் படிந்து குழாய்களை அடைக்கும். குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே சரி. அதையும் தனியாக ஊற்றினால் துருத்தடுப்பு இருக்காது, அதற்குத்தான் கூலண்ட். உறைபனியே காணாத ஊரிலும் கூலண்ட் 30 சதவீதத்துக்குக் குறைய வேண்டாம். அதற்காகக் கலக்காத கூலண்டை முழுதாக ஊற்றினால் நல்லது என்றும் இல்லை. கூலண்டிலுள்ள கிளைக்கால் என்ற திரவம் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது. டப்பாவின் நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஒரே பச்சையில் வேறு வேறு ரசாயனங்கள் வருகின்றன. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் முழுதாக வடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த வடிப்பதில் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தால் அதிலுள்ளதுதான் வரும். எஞ்சின் பிளாக்கில் கணிசமான தண்ணீர் தங்கிவிடும். நீங்கள் வெறும் தண்ணீரால் அலசியிருந்தால் அந்தத் தண்ணீரும் உள்ளேயே நிற்கிறது. அதன் மேல் கலந்து விற்கும் கூலண்டை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவைக் கையேட்டில் பார்த்து, அதில் தேவையான பங்குக்குக் கலக்காத கூலண்டை முதலில் ஊற்றி, மீதியை வடிநீரால் நிரப்புவதுதான் வழி.

சலவைச் சோடா போட்டுக் கழுவுவது 1489 சிசி அம்பாசடர் காலத்துப் பழக்கம். அதில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, தாங்கியது. அலுமினிய ஹெட்டைச் சோடா அரித்துவிடும். சிறு ஒழுக்குக்கு மஞ்சள் தூள் போடும் லாரிக்காரர் வைத்தியமும் வழியில் நின்றுபோனவருக்கு மட்டுமே. ஊர் திரும்பியதும் அலசி எடுத்துவிட வேண்டும்.

காற்று

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். தண்ணீர் நிரம்பி வழிகிறது, ஆனால் ஹெட்டுக்குள் ஒரு காற்றுக் குமிழி தங்கியிருக்கிறது. டெம்பரேச்சர் சென்சார் அந்தக் காற்றில் நின்றால் முள் சாதாரணமாகவே காட்டும். ஹெட் மட்டும் வேகும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இடையிடையே மேல் ஹோஸைப் பிசைந்துவிடுங்கள். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்து வையுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதையும். மூடியைப் போடாமல் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும், கீழ் ஹோஸும் சூடாகும். அப்போது நிரப்பி, மூடியைப் போட்டு, ஃபேன் தானாக ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். அதைக் கண்ணால் பார்க்காமல் தெருமுனையைத் தாண்டாதீர்கள். ஃபேன் எந்த நொடியும் சுழலலாம் என்பதால் கையையும் வேட்டி நுனியையும் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

வடித்த பழைய கூலண்ட் இனிக்கும் நஞ்சு. நாயும் பூனையும் நக்கிவிட்டுச் செத்துப்போகும். சாக்கடையில் ஊற்றாமல், தண்ணீர் பாட்டிலிலும் வைக்காமல், எழுதி ஒட்டிய கேனில் மூடிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

முதல் ஒரு வாரம் தினமும் காலையில், எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்தே மட்டம் பாருங்கள். ரிசர்வ் பாட்டில் நிறைந்திருந்தும் ரேடியேட்டர் காலியாக இருப்பது நடக்கும். பாட்டிலுக்குப் போகும் குழாயில் விரிசல் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். முதல் நாளிரண்டில் மட்டம் சற்றே இறங்கினால் உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறியிருக்கிறது என்று கொள்ளலாம். அதன் பிறகும் எங்கும் ஒழுகாமல் தினமும் குறைந்துகொண்டே போனால், இன்னொரு பாகம் வாங்காமல் பிரஷர் டெஸ்ட் செய்யும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்.